தியாகம், நிவாரணம், இழப்பீடு: முறையற்ற வழக்குகளும் இந்திய அரசின் பொறுப்பும் (1964–2024)

ஆய்வுச் சுருக்கம்

குற்றம் செய்யாதவர்மீது வழக்குத் தொடர்ந்து, சிறையில் வைத்து, பின்னர் விடுவிக்கும் அரசு அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்னும் வினா இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துவருகிறது. அரசு இத்தகையோருக்குப் பணம் வழங்கியதே இல்லை என்று கூற இயலாது. தியாகிகள் ஓய்வூதியமாகவும், நிவாரணமாகவும், நீதிமன்ற ஆணையின்படியான இழப்பீடாகவும் அது வழங்கியுள்ளது. ஆயின் இம்மூன்றும் சட்டவழி உரிமையாக உருப்பெறவில்லை. உரிமை இல்லாத இடத்தில், தொகை பெறுபவர் எந்த அணியினர் என்பதே விவாதப் பொருளாகிறது. அரசு இழைத்த தவறு என்ன என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இதனை நெருக்கடி நிலைக் கைதிகள், ஐதராபாத் இளைஞர்கள், தூத்துக்குடிப் போராட்டக்காரர்கள், விஞ்ஞானி நம்பி நாராயணன் ஆகியோரின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முறையற்ற வழக்கு, இழப்பீடு, நிவாரணம், அரசின் விலக்குரிமை, நெருக்கடி நிலை, சட்ட ஆணையம்

முன்னுரை

பொய்க் குற்றச்சாட்டினால் சிறைப்பட்டவருக்கு அரசன் ஈடு செய்த நிகழ்வொன்றைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை எடுத்துரைக்கிறது. கோவலன் கொலையுண்ட பின்னர் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் வார்த்திகன் கதையே அது. வார்த்திகனின் சிறுவன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்டு பொறாதவர்கள், அவை புதையலாகக் கிடைத்து மறைக்கப்பட்டவை எனக் குற்றம் சாட்ட, அரச பணியாளர்கள் முறைதவறி வார்த்திகனைச் சிறையிலிட்டனர். ஐயை கோயிலின் கதவு திறவாமை கண்டு உண்மையை உசாவி அறிந்த பாண்டியன் மூன்று செயல்களைச் செய்கிறான். தன் ஆட்சிமுறை பிழைத்ததை ஒப்புக்கொண்டு பொறுத்தருள வேண்டுகிறான். திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கிறான். புதையற்பொருள் கண்டெடுத்தவர்க்கே உரியது என ஆணையிட்டு, அத்தகைய குற்றச்சாட்டுக்கு இடமளித்த விதியையே மாற்றுகிறான்.

தவற்றை ஏற்றல், இழப்பை ஈடுசெய்தல், விதியைத் திருத்தல் என்னும் இம்மூன்று கூறுகளும் இக்கட்டுரைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. காப்பிய அரசனின் செயலை இன்றைய சட்ட அரசோடு நேர்நிறுத்தி ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும்போது நிகழ்வது யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

'முறையற்ற வழக்கு' என்னும் சொல்லாட்சி, தீய நோக்குடனோ நன்னம்பிக்கையின்றியோ அரசுத் தரப்பு தொடர்ந்த குற்றவழக்கைக் குறிக்கும். வழக்கே இன்றி நிகழும் தடுப்புக்காவல் இதிலிருந்து சட்டத்தளவில் வேறுபட்டது. எனினும் இழப்பீடு பற்றிய அரசியல் விவாதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டு வந்துள்ளமையால், தேவையான இடங்களில் அதுவும் சேர்த்துக் கொள்ளப்பட்டுள்ளது.

1. அரசின் விலக்குரிமை

காலனிய இந்தியாவில் அரசின் பொறுப்பை வரையறுத்த முதன்மைத் தீர்ப்பு 1861இல் கல்கத்தா உச்ச நீதிமன்றம் வழங்கியதாகும். அரசுக் கப்பல்தளப் பணியாளர்களின் கவனக்குறைவால் ஒரு நிறுவனத்தின் குதிரை காயமுற்ற வழக்கு அது. வணிகம் போன்ற பணிகளில் அரசு பொறுப்பேற்க வேண்டும். இறையாண்மை சார்ந்த பணிகளில் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்னும் பாகுபாடு அத்தீர்ப்பின்வழி நிலைபெற்றது. கைது செய்தலும் காவலில் வைத்தலும் இறையாண்மைப் பணிகள் எனக் கொள்ளப்பட்டமையால், குதிரைக்குக் கிடைத்த ஈடு கைதிக்குக் கிடைக்காத நிலை உருவாயிற்று.

விடுதலைக்குப் பின்னும் இப்பாகுபாடு நீடித்தது. 1947இல் மீரட் நகரில் தங்கத்துடன் பிடிக்கப்பட்ட வணிகர் ஒருவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட தங்கத்தைக் காவலர் ஒருவர் கையாடிவிட்டுப் பாகிஸ்தானுக்குத் தப்பிச் சென்றார். கஸ்தூரிலால் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் 1964இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கைதும் கைப்பற்றலும் இறையாண்மை அதிகாரத்தின்பாற்பட்டவை ஆதலால் அரசு பொறுப்பாகாது என முடிவு செய்தது. ஆயினும் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் இந்நிலையை நிறைவளிப்பதாகக் கருதவில்லை. நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டும் எனத் தீர்ப்பிலேயே வலியுறுத்தினார். அரசின் தீங்கியல் பொறுப்பைச் சட்டமாக்க வேண்டும் என இந்தியச் சட்ட ஆணையம் தனது முதல் அறிக்கையிலேயே 1956இல் பரிந்துரைத்திருந்தது. 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் இதற்கான மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டும் சட்டமாக நிறைவேறவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடம் இல்லாமல் இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 250ஆம் பிரிவு அடிப்படையற்ற குற்றச்சாட்டுக்கும், 358ஆம் பிரிவு காரணமற்ற கைதுக்கும் இழப்பீடு வழங்க வழிசெய்தன. இவ்விரு பிரிவுகளிலும் பணம் செலுத்த வேண்டியவர் புகார் கொடுத்த, அல்லது கைதுக்குக் காரணமான தனிமனிதரே, அரசு அன்று. 358ஆம் பிரிவின் உச்சவரம்பு தொடக்கத்தில் 100 ரூபாயாக இருந்து, 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடிமகனுக்கும் குடிமகனுக்கும் இடையிலான பிணக்காகவே பொய்வழக்கைச் சட்டம் நோக்கியது என்பதை இப்பிரிவுகள் காட்டுகின்றன.

2. சிறை தியாகமான வழி

சட்டம் மறுத்ததை அரசியல் வேறொரு பெயரில் வழங்கியது. 1972இல் நடுவணரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம், சிறையில் கழித்த காலத்தைத் தகுதியாகக் கொண்டது. தமிழ்நாட்டில் மொழிப்போரில் சிறைசென்றோர் தியாகிகளாக அறியப்பெற்று ஓய்வூதியம் பெற்றனர். இவ்விரு திட்டங்களிலும் சிறைவாசம் ஓர் இழப்பாகக் கருதப்படவில்லை, ஈகமாகப் போற்றப்பட்டது. வழங்கப்பட்ட தொகை ஈடு அன்று, மதிப்பு.

நெருக்கடி நிலைக்குப் பின் இம்முறையின் வரம்பு வெளிப்பட்டது. 1975 சூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரையிலான காலத்தில் மிசா சட்டத்தின்கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும், ஆக 1,10,806 பேர் சிறைப்பட்டதாக ஷா ஆணையம் பதிவு செய்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசின் தலைமையமைச்சர் மொரார்ஜி தேசாய் உள்ளிட்ட தலைவர்கள் பலர் இவ்வாறு சிறையிலிருந்து வந்தவர்கள். அவ்வரசு 1978இல் 44ஆம் அரசமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, உயிர்வாழ்வுக்கும் தன்னுரிமைக்குமான பாதுகாப்பை நெருக்கடி நிலையிலும் இடைநிறுத்த இயலாதவாறு செய்தது. விதியைத் திருத்திய அதே அரசு, இழப்பீட்டு வினாவில் எதிர்த்திசையில் சென்றது.

1979 ஏப்ரல் 10 அன்று குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. சட்டத்துக்குப் புறம்பான கைதுக்கும் காவலுக்கும் ஆளானவர் நடைமுறைப்படுத்தத்தக்க இழப்பீட்டு உரிமை பெறுவார் என அதன் 9ஆம் உறுப்பின் 5ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகைய உரிமை இந்தியச் சட்டமுறையில் இல்லை எனத் தெரிவித்து, அவ்வுறுப்புக்கு இந்தியா விலக்கறிவிப்புச் செய்தது. விசாரணையின்றிச் சிறைப்பட்டவர்களைக் கொண்ட ஓர் ஆட்சியே, சிறைப்பட்டவர்க்கு அரசு கடன்பட்டதன்று என உலக அரங்கில் எழுதிக் கையளித்தமை இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் எனலாம்.

உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் மீண்டும் மதிப்பூதியமே வந்து நின்றது. பிற்காலத்தில் மத்தியப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் நெருக்கடி நிலைக் கைதிகளுக்குச் 'சனநாயகப் போராளிகள்' என்றாற்போன்ற பெயர்களில் மாதந்தோறும் பணம் வழங்கின. 2018 இறுதியில் ஆட்சி மாறியபின் மத்தியப் பிரதேசத்தில் பயனாளிகளைச் சரிபார்க்க வேண்டும் எனக் கூறி அது நிறுத்திவைக்கப்பட்டது. ராஜஸ்தானில் 2019இல் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஆட்சி மாறியபோது அது திரும்ப வந்தது. சிறைப்பட்ட உண்மை மாறவில்லை. அதனை மதிப்பவர் மாறினர். மதிப்பாக வழங்கப்படும் தொகையை வழங்கியவரே திரும்பப் பெறலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்முறையில் மற்றொரு குறையும் உண்டு. ஒரு கொள்கைக்காக விரும்பிச் சிறை ஏற்றவரையே 'தியாகி' என்னும் சொல் குறிக்கும். எக்கொள்கைக்காகவும் அன்றி, தவறான அடையாளத்தாலோ புனைந்த சான்றாலோ சிறைப்பட்டவருக்கு அச்சொல்லில் இடமில்லை.

3. நீதிமன்றம் திறந்த வழி

அத்தகையோருக்கு முதலில் வழிதிறந்தது உச்ச நீதிமன்றமே. பீகாரைச் சேர்ந்த ருதுல் சா 1968 சூன் 3 அன்று முசாபர்பூர் அமர்வு நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டும், 1982 அக்டோபர் 16 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அவருக்காகத் தாக்கலான ஆட்கொணர்வு மனுவில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 1983 ஆகஸ்ட் 1 அன்று, அரசு முன்னரே அளித்த 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் நேரடியாக இழப்பீடு பெறலாம் என்னும் கோட்பாடு இங்குத் தோன்றியது. 1993இல் நீலாபதி பெகரா வழக்கில் இக்கோட்பாடு உறுதிபெற்றது. அரசமைப்புவழித் தீர்வுக்கு இறையாண்மை விலக்குரிமை தடையாகாது என அத்தீர்ப்பு விளக்கியது. 1996 திசம்பரில் வெளிவந்த டி.கே. பாசு தீர்ப்பு, நீதிமன்றங்களே இழப்பீடு வழங்கிவரும் நிலையில் 1979ஆம் ஆண்டு விலக்கறிவிப்பு தன் பொருத்தத்தை இழந்துவிட்டது எனக் குறிப்பிட்டது.

இவ்வழியின் பயன் பெரிது. ஆயினும் அதன் வரம்புகளையும் கருத வேண்டும். முதலாவது, அளவுகோல் இன்மை. 14 ஆண்டுக்கால முறையற்ற சிறைக்கு 30,000 ரூபாய் இடைக்காலமாக ஆணையிடப்பட்ட இரண்டே ஆண்டுகளில், சட்டமன்றக் கூட்டத்துக்குச் செல்லவொட்டாது சில நாள்கள் காவலில் வைக்கப்பட்ட சம்மு காசுமீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 50,000 ரூபாய் வழங்கப்பட்டது. இவ்விரு தொகைகளையும் தனித்தனியே நியாயப்படுத்தலாம். ஒருசேர வைத்து நியாயப்படுத்துவது கடினம். இரண்டாவது, இவ்வழி வெளிப்படையான உரிமை மீறலுக்கே உரியது. வழக்குத் தொடர்ந்தமையே தவறாக இருந்து, நடைமுறைகள் மேலோட்டமாகச் சரியாக இருந்தால் அது பயன்படுவதில்லை.

இதற்கு அக்சர்தாம் வழக்கு சான்றாகும். காந்திநகர் அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014 மே 16 அன்று ஆறு பேரை விடுவித்த உச்ச நீதிமன்றம், புலனாய்வு நடந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் இழப்பீடு கோரியபோது, விடுதலை பெற்றமையாலேயே இழப்பீட்டு உரிமை தோன்றிவிடாது என்றும், அவ்வாறு வழங்குவது தீய முன்மாதிரியாகும் என்றும் கூறி 2016இல் அதே நீதிமன்றம் மறுத்தது. கோவைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோவைச் சிறையில் இருந்து 2007 ஆகஸ்டில் விடுதலை பெற்ற அப்துல் நாசர் மதானிக்காகக் கேரளச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டமன்றம் ஒன்றின் குரல் அவருக்குக் கிட்டியும், அவ்வாண்டுகளுக்கு ஈடு கேட்பதற்கான சட்டப்பிரிவு எதுவும் இருக்கவில்லை.

4. ஐதராபாத்தும் தூத்துக்குடியும்

சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வெளியே, அரசாணை வழியாக மாநில அரசே முன்வந்து பணம் வழங்கிய நிகழ்வுகள் அரசியல் விவாதத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றுள் ஐதராபாத் நிகழ்வு முதன்மையானது. 2007 மே 18 அன்று மெக்கா மசூதியில் குண்டு வெடித்தபின், அதையொட்டி முசுலிம் இளைஞர்கள் பலர் காவலில் எடுக்கப்பட்டனர். சிலர்மீது தனியாகச் சதி வழக்குகள் தொடரப்பட்டன. அவ்வழக்குகளிலிருந்து அவர்கள் விடுதலை பெற்றனர். குண்டுவெடிப்பு தொடர்பான புலனாய்வு பின்னர் முற்றிலும் வேறு திசையில் சென்றது.

தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, கிரண்குமார் ரெட்டி தலைமையிலான ஆந்திரப் பிரதேச அரசு 2012 தொடக்கத்தில் ஏறத்தாழ 70 பேருக்குப் பணம் வழங்கியது. சிறையிலிருந்து விடுதலை பெற்றோருக்குத் தலா 3 லட்சம் ரூபாய். காவலில் வைத்து அனுப்பப்பட்டோருக்குத் தலா 20,000 ரூபாய். நன்னடத்தைச் சான்றிதழ்களும் உடன் அளிக்கப்பட்டன. வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் காவல்துறையின் சரிபார்ப்பை எதிர்நோக்கும் இளைஞர்க்குப் பணத்தினும் அச்சான்றிதழ் பயன்மிக்கது என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும்.

இதனை வாக்குவங்கி அரசியல் எனப் பாரதிய ஜனதா கட்சியினர் எதிர்த்தனர். ஆளும் தரப்பு இதனைச் சிறுபான்மையினர் நலனாக முன்வைத்தது. இருதரப்பு வாதங்களும் பெறுபவரின் சமயத்தை மையமாகக் கொண்டவை. எந்தக் காவல் அதிகாரி எந்தச் சான்றின் பேரில் வழக்குத் தொடர்ந்தார் என்னும் வினாவை இரண்டும் தொடவில்லை. 2013இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அவ்வரசாணையை ரத்து செய்து, வழங்கிய தொகையைத் திரும்பப் பெறவும் கூறியது. வெறும் விடுதலையைக் காரணமாகக் கொண்டு, சட்ட அடிப்படையின்றி, ஒரு பகுதியினருக்கு மட்டும் பொதுப்பணத்தை வழங்கலாகாது என்னும் வாதத்தில் வலுவுண்டு. அவ்வாதம் வலுப்பெறக் காரணம், எல்லாருக்கும் பொதுவான சட்டம் இல்லாமையே. அவ்விளைஞர்கள் தமக்குரியதைப் பெற்றார்களா, சலுகை பெற்றார்களா என்பதைத் தீர்மானிக்கும் நெறி எதுவும் அரசாணையிலும் இல்லை, அதனை ரத்து செய்ததிலும் இல்லை.

தூத்துக்குடி நிகழ்வு வேறு வகையினது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், 2021 மே 14 அன்று இடைக்கால அறிக்கையை அளித்தது. அதன் அடிப்படையில் ஒரு வாரத்துக்குள் தமிழ்நாடு அரசு, சில கடுங்குற்றச்சாட்டுகள் நீங்கலாக, போராட்டக்காரர்மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கைதாகிக் காயமும் மன உளைச்சலும் உற்ற 93 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது.

விசாரணை ஆணையம் ஒன்றின் கண்டறிதலைச் சார்ந்திருந்தமை இதன் சிறப்பு. எனினும் அரசு தேர்ந்தெடுத்த சொல் நோக்கத்தக்கது. வெள்ளத்துக்கும் புயலுக்கும் வழங்கப்படுவது நிவாரணம். இயற்கை இழைத்த கேட்டுக்கு இரங்கி அரசு அளிப்பது அது; தான் இழைத்த கேட்டுக்கு அரசு பொறுப்பேற்று அளிப்பது இழப்பீடு. வழக்குகள் பதியப்பட்டது முந்தைய ஆட்சியில். நிவாரணம் அறிவிக்கப்பட்டது புதிய ஆட்சி பொறுப்பேற்ற சில நாள்களில். காலனிய அரசின் சிறைக்கு விடுதலை பெற்ற நாடும், நெருக்கடி நிலைச் சிறைக்கு எதிர்க்கட்சி ஆட்சிகளும் பணம் வழங்கிய வரிசையிலேயே இதுவும் அமைகிறது. முந்தையவரின் தவறுக்கு ஈடு செய்வது எளிது. தன் கட்சியின் ஆட்சியில் நேர்ந்ததற்குத் தானே பணம் வழங்கிய ஐதராபாத் நிகழ்வு இவ்வரிசைக்கு விலக்கு. நீதிமன்றத்தில் நிலைக்காமற் போனதும் அதுவே.

5. நம்பி நாராயணன்: 26 ஆண்டுகள்

நாகர்கோவிலில் பிறந்த தமிழரான விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன், 1994 நவம்பர் 30 அன்று கேரளக் காவல்துறையால் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டு 50 நாள்கள் காவலில் இருந்தார். வழக்கைப் பின்னர் ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டு பொய்யானது என 1996இல் அறிக்கை அளித்தது. அதன்பின்னும் மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றது. 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அம்முயற்சியை ரத்து செய்து, குற்றம்சாட்டப்பட்டோருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் வழக்குச் செலவாக வழங்க ஆணையிட்டது.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2001இல் 10 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தைப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட சட்டப் போராட்டத்துக்குப் பின்னரே அது கைக்கு வந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, காவல் அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு அமைத்தது. அவர் தொடுத்திருந்த உரிமையியல் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2020 ஆகஸ்டில் கேரள அரசு மேலும் 1.30 கோடி ரூபாய் வழங்கியது.

கேரள அரசியலில் இவ்வழக்கு பேசப்பட்ட முறை ஆய்வுக்குரியது. 1995 மார்ச்சில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. ஆகவே, உட்கட்சிப் போரில் அவரை வீழ்த்தியவர் யார் என்பதே நெடுங்காலம் விவாதமாக இருந்தது. வழக்குப் பதியப்பட்டது ஐக்கிய முன்னணி ஆட்சியில். மறுவிசாரணைக்கு முயன்றது இடது முன்னணி ஆட்சி. இரு முன்னணிகளுக்கும் இதில் பங்கிருந்தமையால், தவற்றை ஏற்க இரண்டும் விரையவில்லை.

50 லட்சம் என்னும் ஆணை அவரது மேல்முறையீட்டில் வந்தது. அதே வழக்கில் சிக்கிய ஏனையோருக்கு அது பொருந்தவில்லை. மாலத்தீவைச் சேர்ந்த பெண்கள் இருவரும் அவர்களுள் அடங்குவர். கால் நூற்றாண்டு வழக்காடும் கல்வியும் உறுதியும் பொதுமக்கள் மதிப்பும் வாய்த்த ஒருவருக்கு இறுதியில் நீதி கிட்டியது. இவை வாய்க்காதவருக்கு இத்தீர்ப்பு ஓர் ஆறுதலே அன்றி வழியாகாது.

6. எதிர்வாதங்களும் 277ஆம் அறிக்கையும்

சட்டவழி இழப்பீட்டுக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஐயத்தின் பயனால் பெற்ற விடுதலை குற்றமின்மைக்குச் சான்றாகாது என்பது முதலாவது. சாட்சிகள் பிறழ்வதால் உண்மைக் குற்றவாளிகளும் விடுதலை பெறும் நாட்டில் இதனை எளிதில் ஒதுக்க இயலாது. இழப்பீட்டுக்கு அஞ்சிக் காவல்துறை வழக்குத் தொடரவே தயங்கும் என்பது இரண்டாவது. கருவூலம் தாங்காது என்பது மூன்றாவது.

பிற நாடுகள் முதல் வாதத்தை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டுள்ளன. செருமனியின 1971ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணைக்கால காவலில் இருந்து விடுதலை பெற்றவருக்கும் ஈடு வழங்குகிறது; சிறைநாள் ஒன்றுக்கு 75 யூரோ என 2020இல் அது உயர்த்தப்பட்டது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை பெற்றுப் பின்னர் விடுவிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், தாம் குற்றமற்றவர் என்பதை ஐயத்துக்கு அப்பால் காட்ட வேண்டும் என அதனை இறுக்கியது. ஒரு நாடு விடுதலையையே போதுமானதாகக் கொள்ள, மற்றொன்று குற்றமின்மையையே மெய்ப்பிக்கச் சொல்கிறது.

இந்தியச் சட்ட ஆணையம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தது. 2017 நவம்பர் 30 அன்று பப்லு சௌகான் வழக்கில், நீதிபதி முரளிதர் இடம்பெற்ற தில்லி உயர் நீதிமன்ற அமர்வு இப்பொருளை ஆராயுமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. நீதிபதி பி.எஸ். சௌகான் தலைமையிலான ஆணையம் 2018 ஆகஸ்டில் 277ஆம் அறிக்கையை அளித்தது. விடுதலையை மட்டும் அது போதுமானதாகக் கொள்ளவில்லை. குற்றமின்மையை மெய்ப்பிக்குமாறும் கேட்கவில்லை. வழக்குத் தொடர்ந்தவர்களின் நடத்தை தீய நோக்கின்பாற்பட்டதா, நன்னம்பிக்கையற்றதா என்பதையே அளவையாக்கியது. அதனைக் காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவரைச் சாரும். சான்றுகளின் மேம்பாடு போதும். இதற்கெனச் சிறப்பு நீதிமன்றங்கள், பணத்தோடு உளநல ஆற்றுப்படுத்தல் முதலிய உதவிகள், தவறிழைத்த அலுவலரிடமிருந்து தொகையை மீட்க அரசுக்கு வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்ட மசோதா வரைவும் உடனிணைக்கப்பட்டது.

பன்னாட்டு உடன்படிக்கை தண்டனைக்குப் பின் வெளிப்படும் பிழையையே கருதுகிறது. இந்தியச் சிக்கலோ தண்டனைக்கு முன்னரே தொடங்குகிறது என்பதை ஆணையம் உணர்ந்திருந்தது. 2015ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி சிறையிலிருந்தோருள் 67 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். நடத்தையை அளவையாக்குவது ஏனைய இரு எதிர்வாதங்களுக்கும் விடையாகிறது. நேர்மையாகத் தொடரப்பட்டுத் தோற்ற வழக்குக்கு இழப்பீடு இல்லை ஆதலால், நேர்மையான அலுவலர் அஞ்சவேண்டியதில்லை. விடுதலை பெற்ற ஒவ்வொருவருக்கும் கருவூலம் பணம் வழங்க வேண்டியதும் இல்லை.

விண்ணப்பிப்பவர்மீதே மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சுமத்தியது அறிக்கையின் குறை எனலாம். புலனாய்வு ஆவணங்கள் யாவும் அரசின் கையில் இருக்க, வறிய விசாரணைக் கைதி அலுவலரின் நோக்கத்தை எவ்வாறு நிறுவுவார்? ஆவணங்களை அளிக்கும் கடமையையேனும் அரசின்மேல் வைக்காவிடில், சட்டம் வந்தபின்னும் வழக்காட வல்லவரே பயன்பெறுவர்.

முடிவுரை

மதிப்பூதியத்தில் விதித் திருத்தம் இல்லை. நிவாரணத்தில் தவற்றை ஏற்றல் இல்லை. நீதிமன்ற இழப்பீடு தனிவழக்கில் தவற்றைச் சுட்டினாலும், அடுத்தவருக்குப் பயன்படும் விதியாக விரிவதில்லை. பாண்டியனின் செயலில் ஒன்றாயிருந்த மூன்று கூறுகளும் இந்தியக் குடியரசில் மூன்று நிறுவனங்களிடையே பிரிந்து கிடக்கின்றன.

சட்டம் இல்லாமையால் நடுநிலை காக்கப்படவில்லை. அணிகள் மாறிமாறித் தத்தம் சிறையாளரைப் போற்றும் நிலையே உருவாகியுள்ளது. 2025 சூலையில் பத்து நாள் இடைவெளியில் இரு தீர்ப்புகள் வந்தன. 2006ஆம் ஆண்டு மும்பைத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பு வழக்கில் 12 பேரை உயர் நீதிமன்றமும், 2008ஆம் ஆண்டு மாலேகான் வழக்கில் ஏழு பேரைச் சிறப்பு நீதிமன்றமும் விடுவித்தன. பொய்வழக்கு என்னும் குரல் இருமுறையும் எழுந்தது. எழுப்பியவர்கள் வேறு வேறு அணியினர். இருவருக்கும் பொதுவான ஓர் அளவையை நாடு இன்றும் பெற்றிருக்கவில்லை.

அதனைப் பெறுவதற்கான வாய்ப்பு 2023இல் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் முழுவதையும் நீக்கி, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா கொண்டுவரப்பட்டது; 2024 சூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 277ஆம் அறிக்கையின் மசோதா வரைவு அதில் இடம்பெறவில்லை. பழைய 358ஆம் பிரிவு 399ஆம் பிரிவாக எண் மாறியுள்ளது. காரணமற்ற கைதுக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000 ரூபாயாகவே நிற்கிறது. அதனைச் செலுத்த வேண்டியவர் இன்றும் தனிமனிதரே; அரசு அன்று.